மாங்கூழ் டிரம்மும் 14 பக்கக் கேள்வித்தாளும்: வெளிநாட்டு ஆலோசகர் சட்டம் திருத்திக் கொடுத்தால் சரக்கு நகருமா?

#1 கிளிமூக்கு, கிருஷ்ணகிரி

நான் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிறவன். மே கடைசியில் பருவம் தொடங்கினால் ஆடி வரைக்கும் தலை நிமிர முடியாது. இப்போது மூச்சுவிட நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

போன வருடம் கருங்கடல் பக்கம் உள்ள ஒரு நாட்டுக்குத் தோத்தாபுரிக் கூழ் அனுப்பினோம். (நாட்டின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே வியாபாரம் இருக்கிறது.) இருபதடி கன்டெய்னர், 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ. அதற்கு முன்பு மூன்று பெட்டிகள் அதே துறைமுகத்தில், அதே எச்.எஸ். குறியீட்டில் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) ஒரு கேள்வியும் இல்லாமல் போயின. நாலாவதை நிறுத்திவிட்டார்கள். இது கூழ் இல்லையாம், ஜூஸாம், வரி வேறாம். எந்த விதிப்படி என்று எங்களிடம் வாங்குபவர் கேட்டிருக்கிறார். போன மாதம் சுற்றறிக்கை வந்தது என்று பதில். எங்கே அந்தச் சுற்றறிக்கை? அலுவலகத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கிறது. போட்டோ எடுக்கவும் விடவில்லை. பதினோரு நாள் பெட்டி நின்றது. பெட்டி நின்றதற்கான தாமதக் கட்டணத்தில் (டெமரேஜ்) பாதி அவர் தலையில், பாதி எங்கள் தலையில்.

இப்போது அந்த நாட்டின் சுங்க, வர்த்தகச் சட்டங்களைத் திருத்த வெளிநாட்டு நிதியில் ஒரு திட்டம் ஓடுகிறதாம். அதன் ஆலோசகர் ஒருவர் எங்கள் வாங்குபவர் மூலமாக எனக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். 14 பக்கம். எந்த விதி இடைஞ்சல், எங்கே தாமதம், என்ன மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதலாளி "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படி வெளிநாட்டு ஆட்கள் வந்து சட்டத்தைத் திருத்தி எங்காவது உருப்பட்டிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்குவாரி, பர்கூர்

தம்பி, முதலாளி சொன்னதுதான் சரி. தூக்கிக் குப்பையில் போடு.

ரஷ்யக் கதை தெரியுமா? சோவியத் உடைந்த பிறகு தனியார்மயம், பங்குச்சந்தைச் சட்டம் எல்லாம் சொல்லிக் கொடுக்க அமெரிக்க அரசு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. ஆலோசனை சொல்லப் போனவர்களே அங்கே சொந்தமாக முதலீடு செய்தார்கள் என்று 2000இல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. 2005இல் ஹார்வர்டு 2.65 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பந்திக்குப் பரிமாற வந்தவன் முதல் இலையில் உட்கார்ந்த கதை. உன் 14 பக்கத்தை வைத்து அந்த ஆலோசகர் ஒரு அறிக்கை எழுதுவார், பில் போடுவார், அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறுவார். உன் டிரம் அங்கேயேதான் நிற்கும்.

#3 தேர்வர், தர்மபுரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் குரூப் 1 படிக்கிறேன். நம் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் பணம் கொடுத்ததே, அதுவும் இதுவும் ஒன்றா சார்? 'தொழில்நுட்ப உதவி' என்று புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. விளங்கவில்லை.

#4 பாலக்கோடு வக்கீல்

ஒன்றில்லை தம்பி. ஒகேனக்கல் திட்டம் 1,928 கோடி ரூபாய். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்த ஊர்களுக்குக் காவிரியைக் கொண்டுவர ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்தது கடன். அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பதிலுக்கு குழாய், தொட்டி, பம்ப் என்று கண்ணுக்குத் தெரிகிற பொருள் வந்தது.

தொழில்நுட்ப உதவியில் பெரும்பாலும் உன் கைக்குப் பணம் வராது, ஆள் வரும். சட்ட வரைவாளர், சுங்க நிபுணர், நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் வருவார்கள், கூடவே நாலு கம்ப்யூட்டர். கொடுக்கிற நாடு அந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும். கல்குவாரி அண்ணன் கோபப்படுவது இதற்குத்தான், பணத்தில் நல்ல பங்கு கொடுத்தவன் ஊருக்கே திரும்பிப் போய்விடும். அதில் நியாயம் உண்டு.

ஆனால் நீ சொன்ன அதே ஜப்பான், 1996இலிருந்து வியட்நாம் தலைநகர் ஹனோய்க்கு நீதிபதி, வழக்கறிஞர் என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு வார விருந்தாளிகளாக வந்து போகவில்லை, வருடக்கணக்கில் அங்கேயே வீடு எடுத்துத் தங்கினார்கள். நம் ஊருக்குத் தண்ணீர்க் குழாய், அவர்களுக்குச் சிவில் சட்டம். இரண்டும் ஒரே வீட்டுச் சமையல்தான்.

அரசே எல்லாவற்றையும் நடத்திய பொருளாதாரம் சந்தைக்கு மாறும்போது இந்த உதவிக்குத் தேவை வந்துவிடுகிறது. யோசித்துப் பார், தனியார் கம்பெனியே இல்லாத ஊரில் கம்பெனிச் சட்டம் எதற்கு? அடமானம், திவால், காப்புரிமை, இறக்குமதி உரிமம் எல்லாமே புதிதாக எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர் உள்ளூரில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்.

#5 ஓசூர்_கணக்கு

நான் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். 2002 கடைசியிலிருந்து ஆறு வருடம் ஹோ சி மின் நகரத்தில் ஒரு ஆயத்த ஆடை கொள்முதல் அலுவலகத்தில் கணக்கு பார்த்தேன். (இப்போது ஓசூர், சிப்காட் பக்கம். ரோஜாத் தோட்டத்தைவிட டிராஃபிக்தான் கண்ணில் படுகிறது.) சட்டம் மாறுவதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, வவுச்சரில் பார்த்தேன்.

முதல் வருடம் எங்கள் அலுவலகச் செலவில் ஒரு இனம் உண்டு: 'சுற்றறிக்கை நகல்'. ஒரு பையன் இருந்தான், அவன் வேலையே அரசு அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று விசாரித்து ஜெராக்ஸ் வாங்கி வருவது. வியட்நாமில் சட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ் ஆணை வந்தால்தான் சட்டம் ஓடும், ஆணையின் கீழ் சுற்றறிக்கை வந்தால்தான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கையெழுத்துப் போடுவார். ஆக எங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசித் தாள். அதுதான் கிடைக்காது. உங்கள் உள்சுவர் கதையைப் படித்ததும் அந்தப் பையன் ஸ்கூட்டரில் மழைக்கோட்டோடு வந்து நின்றது ஞாபகம் வந்துவிட்டது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1986இல் 'தோய் மோய்' என்று சந்தைப் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்கா 1994இல் வர்த்தகத் தடையை நீக்கியது. 2000 ஜூலையில் இரண்டு நாடும் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்திட்டன, 2001 டிசம்பர் 10இல் அது அமலுக்கு வந்தது. அதுவரை வியட்நாம் சரக்கின் மேல் அமெரிக்கா போட்ட வரி சராசரியாக 40 சதவீதம் அளவு. ஒப்பந்தத்துக்குப் பிறகு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2001இல் சுமார் 105 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்குப் போன சரக்கு 2003இல் சுமார் 455 கோடி. எனக்கு வேலை கிடைத்ததே இதனால்தான்.

ஆனால் வரிக்குறைப்பு சும்மா வரவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு முழு அத்தியாயம் வெளிப்படைத்தன்மைக்கும் மேல்முறையீட்டு உரிமைக்கும். விதியை முன்கூட்டியே வெளியிட வேண்டும், வெளியிடாத விதியை வியாபாரியின் மேல் பாய்ச்சக் கூடாது, அதிகாரி முடிவு பிடிக்கவில்லை என்றால் முறையிட இடம் வேண்டும். இதற்கெல்லாம் ஏகப்பட்ட சட்டங்களை மாற்ற வேண்டியிருந்தது. அப்போதுதான் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 'ஸ்டார்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2001இலிருந்து 2010 வரை ஓடியது. சிவில் நடைமுறைச் சட்டம் 2004, வணிகச் சட்டமும் அறிவுசார் சொத்துச் சட்டமும் 2005 என்று வரிசையாக வந்த காலம் அது.

கல்குவாரி அண்ணா, ஒன்று கவனியுங்கள். பேனா வியட்நாம்காரர்கள் கையில்தான் இருந்தது. வரைவை அவர்கள் எழுதுவார்கள், வந்தவர்கள் கருத்துச் சொல்வார்கள், இன்ன நாட்டில் இப்படி இருக்கிறது என்று காட்டுவார்கள். வேண்டாததை இவர்கள் தயங்காமல் ஒதுக்கிவிடுவார்கள். 1995இல் உலக வர்த்தக அமைப்புக்கு மனுப் போட்டு, 2007 ஜனவரி 11இல் 150ஆவது உறுப்பினராக உள்ளே போனார்கள். போயே தீருவது என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள், தேதி நெருக்கிக்கொண்டிருந்தது. அதனால் ஆலோசகர் சொன்னது காதில் ஏறியது.

எப்போது தெரிந்தது என்றால், 2005 வாக்கில் ஒரு மாதம் வவுச்சர்களை அடுக்கும்போது 'சுற்றறிக்கை நகல்' என்ற இனத்தில் ஒன்றுமே இல்லை. அரசிதழில் வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு ஜெராக்ஸ்? பையனை ஸ்டோர் வேலைக்கு மாற்றிவிட்டோம். அவனுக்குத்தான் வருத்தம், ஊர் சுற்ற முடியவில்லை என்று.

#6 கல்குவாரி, பர்கூர்

அக்கா, நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் கெளுத்தி மீனை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு கையால் சட்டம் சொல்லிக் கொடுத்த அதே அமெரிக்கா, 2002இல் வியட்நாம் மீனைக் 'கெளுத்தி' என்று பெயர் போட்டு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2003இல் அந்த மீன் துண்டுகள் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து தள்ளுகிறார்கள் என்று சொல்லிப் போடும் கூடுதல் வரி. அடுத்து இறால், அதில் நம் நாட்டு இறாலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டுக் குளத்துக்கு வேலி போட்ட மாதிரி இல்லையா?

#7 ஓசூர்_கணக்கு

விடவில்லை அண்ணா, மறந்துவிட்டேன். நீங்கள் சொல்வது நடந்ததுதான். அதைவிட மோசம், இத்தனை சட்டம் மாற்றிய பிறகும் 2024 ஆகஸ்டில்கூட அமெரிக்க வணிகத் துறை வியட்நாமைச் 'சந்தைப் பொருளாதாரம்' என்று ஏற்க மறுத்துவிட்டது. ஏற்றால் பொருள்குவிப்பு வரி கணக்கிடும் முறை மாறிவிடும், அது அவர்கள் ஆலைகளுக்குக் கஷ்டம். அவர்கள் தங்கள் காரியத்துக்காகத்தான் வந்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அரசிதழ் அமெரிக்கனுக்கு மட்டும் அச்சாகவில்லையே? வியட்நாம் தையல்காரம்மாவும் அதைத்தான் படிக்கிறார்.

#8 பாரமகால், தர்மபுரி

ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன். இந்த இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

வெளிநாட்டுக்காரன் வந்து சட்டத்தை மாற்றியது நம் ஊருக்குப் புதிதா? 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் (நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துச் சீமை) கும்பினி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. மன்றோ ஏழு வருடம் இந்தச் சீமையில், தர்மபுரியிலேயே இருந்தார். காடு மேடு, ஏரிப்பாசனம், புன்செய் என்று வயல் வயலாக அளந்து, இடைத்தரகனை விட்டுவிட்டு உழுபவனோடு நேராகக் கணக்கு வைக்கும் முறை இங்கேதான் உருவெடுத்தது. பிறகு ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் பட்டா, சிட்டா என்று தாலுகா ஆபீசில் நாம் நிற்கிற வரிசையின் வேர் அதில் இருக்கிறது.

கிளிமூக்கு, நீர் கேட்டதற்கு என் பதில் இது. அவர்கள் நம் பாஷை கற்றுக்கொண்டு, கிராமக் கணக்கனோடு வரப்பில் நடந்தார்கள். உம் ஆலோசகர் எத்தனை நாள் அந்தத் துறைமுகத்தில் நின்றிருக்கிறார் என்று முதலில் கேளும்.

#9 கல்குவாரி, பர்கூர்

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. மன்றோ வரப்பில் நடந்தது கிஸ்தி வசூலிக்க. பின்னால் பட்டாளம் இருந்தது. வியட்நாம்காரன் வேண்டாம் என்றால் ஆலோசகர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நம் தாத்தாவுக்கு அப்படிச் சொல்ல வழி இருந்ததா? அதை உதவிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

#10 பாரமகால், தர்மபுரி

சேர்க்கவில்லை அப்பா. உதவி என்று எங்கே எழுதினேன்? பொழுதைப் போட்டுப் பார்த்தவன் எழுதிய விதி நிற்கிறது என்றேன். நல்ல எண்ணத்தில் எழுதினானா என்பது வேறு வழக்கு.

#11 பாலக்கோடு வக்கீல்

ஐயா சொன்னதோடு சேர்த்துக்கொள்ள என்னிடம் இரண்டு நாடுகள் இருக்கின்றன.

கம்போடியா. படித்தவர்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சிக்குப் பிறகு அங்கே சட்டம் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜப்பான்காரர்கள் 1999இல் உட்கார்ந்தார்கள். சிவில் சட்டம் 2007இல் நிறைவேறி, 2011 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏன் இவ்வளவு காலம் என்றால், ஜப்பானியச் சட்டச் சொல்லுக்குக் கெமர் மொழியில் சொல்லே இல்லை. ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து உண்டாக்க வேண்டியிருந்தது. நம் கோர்ட்டில் 'எஸ்டாப்பல்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நாங்கள் படும் பாட்டை நினைத்தால் அவர்களுக்குக் கோவில் கட்டலாம். நடுவில் 2001இல் வேறொரு நிதியுதவியில் நிலச் சட்டம் வந்துவிட்டது. அதையும் சிவில் சட்டத்தையும் உரசாமல் உட்கார வைக்கத் தனிப் பாடு.

இன்னொன்று கிர்கிஸ்தான். 1998 டிசம்பரிலேயே உலக வர்த்தக அமைப்புக்குள் போய்விட்டது, முன்னாள் சோவியத் நாடுகளில் முதல் ஆள். சட்டங்களை அவசர அவசரமாக மாற்றினார்கள். சுற்றி இருந்த நாடு ஒன்றும் அப்போது உள்ளே இல்லை. கஜகஸ்தானே 2015இல்தான் சேர்ந்தது. கதவைத் திறந்து வைத்தார்கள், தெருவுக்குப் போக வழியில்லை. கடைசியில் பிஷ்கெக் பக்கத்து டோர்டோய் சந்தையில் சீனச் சரக்கை வாங்கி அண்டை நாடுகளுக்கு மாற்றி விற்பதுதான் பெரிய வியாபாரமானது.

இனி கிளிமூக்குக்கு நேரடியாக. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்தது. நம் நாடும் அதில் இருக்கிறது. அதன் முதல் ஷரத்தே விதிகளை வெளியிடுவது பற்றியது. மூன்றாவது ஷரத்து முன்தீர்ப்பு. அதாவது சரக்கு கப்பலேறும் முன்பே 'இது கூழா, ஜூஸா' என்று எழுதிக் கேட்டு, சுங்கத்துறையிடமிருந்து கட்டுப்படுத்தும் பதில் வாங்கிக்கொள்ளலாம். வளரும் நாடுகள் ஒவ்வொரு ஷரத்தையும் ஏ, பி, சி என்று பிரித்துக்கொள்ளலாம். ஏ என்றால் இப்போதே செய்கிறேன். பி என்றால் அவகாசம் கொடு. சி என்றால் அவகாசமும் கொடு, செய்யக் கற்றுக்கொடுக்க ஆளும் அனுப்பு. உங்கள் கூழை வாங்கும் நாடு உறுப்பினர் என்றால் முன்தீர்ப்பை எந்தப் பிரிவில் வைத்திருக்கிறது என்று ஆலோசகரிடம் கேளுங்கள். சி என்றால் அவர் வந்திருப்பதே அதற்காகத்தான் இருக்கும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியட்நாம் 2008 சட்டத்தில் வரைவுச் சட்டங்களை 60 நாள் இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நம் மத்திய அரசு 2014இல் 30 நாள் என்று ஒரு கொள்கை வகுத்தது, ஆனால் அது சட்டமில்லை, மீறினால் கேட்க முடியாது. அதெல்லாம் எதற்கு, 2025 ஜூனில் கர்நாடகத் தோத்தாபுரியைச் சித்தூர் மாவட்டம் உள்ளே விடவில்லை. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. மாங்காய் கருங்கடலுக்குப் போவதற்கு முன்னால் குப்பம் தாண்ட வேண்டுமே!

#12 தேர்வர், தர்மபுரி

சார், உலக வங்கியின் 'தொழில் செய்ய எளிது' பட்டியலில் ஜார்ஜியா 112இலிருந்து 18க்குப் போனது என்று குறிப்பு வைத்திருக்கிறேன். இந்தியா 142இலிருந்து 63. அதை உதாரணம் காட்டலாமா?

#13 பாலக்கோடு வக்கீல்

காட்டலாம், கூடவே இதையும் எழுது: தரவுகளில் முறைகேடு என்று தெரிந்து 2021 செப்டம்பரில் உலக வங்கியே அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டது. பட்டியலுக்காகச் சட்டம் திருத்தினால் பட்டியல் கேட்கிற பக்கம் மட்டும் பளபளக்கும். போதும், போய்ப் படி.

#14 ஓசூர்_கணக்கு

தம்பி கிளிமூக்கு, கேள்வித்தாளை நிரப்பு. ஆனால் முதலில் அது யார் பணம் என்று பார். யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1 முதல் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திவிட்டது. வேறு வேறு நாடுகளில் இதே வேலை பார்த்த என் பழைய சிநேகிதிகள் இரண்டு பேருக்கு மின்னஞ்சலில் வேலை போனது. பாதி எழுதிய சட்ட வரைவு யார் மேஜையில் கிடக்கிறதோ. உன் திட்டம் ஓடுகிற திட்டமா என்று உறுதி செய்துகொள்.

இன்னொன்று, 14 பக்கத்தையும் நிரப்பாதே. எல்லாம் எழுதினால் ஒன்றும் படிக்க மாட்டார்கள். அந்த உள்சுவரை மட்டும் எழுது. எந்தத் தேதி, எந்தக் கவுண்டர், முந்தைய மூன்று பெட்டிகளின் பில் நகல், நின்ற பதினோரு நாளின் ரசீது. கணக்குக்காரி சொல்கிறேன், அபிப்பிராயத்தைவிட ரசீதுக்கு மதிப்பு அதிகம்.

#15 கல்குவாரி, பர்கூர்

அதிகாரி பெயரை மட்டும் எழுதாதே தம்பி. அடுத்த பெட்டியும் அதே ஆள் கையில்தான் போகும்.

#16 கிளிமூக்கு, கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் நன்றி. ஆலோசகருக்கு நேற்றே இரண்டு கேள்வி அனுப்பினேன். துறைமுகத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று ஐயாவுக்காக, முன்தீர்ப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வக்கீல் சாருக்காக. முதல் கேள்விக்கு 'நான்கு நாள்' என்று உண்மையைச் சொல்லிவிட்டார், அதற்கே ஒரு மதிப்பு வந்தது. இரண்டாவதற்கு 'சி' என்றார். பணம் ஐரோப்பிய நாடு ஒன்றுடையதாம், திட்டம் இன்னும் இரண்டு வருடம் ஓடுமாம்.

கேள்வி 9 மட்டும் நிரப்பினேன். அதில்தான் 'விதி மாறியது உங்களுக்கு எப்படித் தெரிந்தது' என்று கேட்டிருந்தார்கள். 'பெட்டி நின்றதால் தெரிந்தது' என்று எழுதி, அக்கா சொன்ன தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணைத்தேன். அதிகாரி பெயர் போடவில்லை அண்ணா.

#17 பாரமகால், தர்மபுரி

நான்கு நாளா! மன்றோவுக்குக் குதிரைக்கு லாடம் அடிக்கவே அவ்வளவு ஆகியிருக்கும்.

#18 கல்குவாரி, பர்கூர்

அது இருக்கட்டும் தம்பி, ஐந்தாவது பெட்டி போகிறதா இல்லையா?

#19 கிளிமூக்கு, கிருஷ்ணகிரி

போகிறது அண்ணா. வெள்ளிக்கிழமை சென்னைத் துறைமுகம். இந்த முறை எண்பது டிரம்மிலும் அந்த ஊர் மொழியில் 'கூழ்' என்று கை அகலத்துக்கு அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்.